சேமலாப நிதி எடுக்கப் போகுமுன் பெயரைப் பாருங்கள்

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எப்.) ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். 50,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் நீங்கள் கட்டியது 4,000, தொழில் தருநர் கட்டியது 6,000. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.டி.எப்.) சம்பளத்தில் 3 வீதம் வேறு. அதற்குத் தனி விண்ணப்பம். பலர் அதை மறந்தே போகிறார்கள்.

சேமலாப நிதியைக் கேட்டு நிரப்பும் 'கே' படிவம் தொழில் திணைக்களத்துக்குப் போகும், காசு மத்திய வங்கியிலிருந்து வரும். இடையில் சிக்குவது பெரும்பாலும் பெயர்தான். நம்மவர் பெயரில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்து, இன்னோரிடத்தில் முழுப்பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது 'சிவா'வுக்கு நடுவில் ஒரு 'எச்' கூடிவிடும். பழைய 'பி' அட்டையில், அதாவது சேமலாப நிதி அங்கத்தவர் அட்டையில், எழுதுவினைஞர் எழுதியது அப்படியே கிடக்கும்.

அதனால் வேலையில் இருக்கும்போதே 'பி' அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் கம்பனி திறந்திருக்கும்போதே பெயரைத் திருத்தக் கடிதம் வாங்குங்கள். மூடிய கம்பனியிடம் கையெழுத்துத் தேடி வெள்ளவத்தைக்கும் நாரஹேன்பிட்டிக்கும் அலைவது அறுபது வயது முழங்காலுக்குப் பெரும் கொடுமை. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும், பாவனையில் இருக்கட்டும்.