படகுக்கு எந்த விஎச்எஃப் ரேடியோ: சென்னைக் கடலில் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

நண்பர்கள் மூவர் சேர்ந்து வைத்திருக்கும் சிறு பாய்மரப் படகுக்கு, கடலில் மற்றக் கலங்களோடும் கரையோடும் பேச ஒரு விஎச்எஃப் ரேடியோ வாங்க வேண்டும் என்று முடிவானதும், கையடக்கக் கருவியே போதுமா, இல்லை படகில் நிலையாகப் பொருத்தும் கருவி வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. எங்கள் படகு சென்னைத் துறைமுகத்துக்குள் நிற்கிறது. 1911-இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து பாய்மரப் படகோட்டிகள் பழகிய நீர்ப்பரப்பு அது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டினால் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள், காசிமேட்டு விசைப்படகுகள், அவற்றுக்கு அப்பால் திறந்த வங்கக்கடல் என்ற வரிசையில்தான் எங்கள் பயணம் அமையும். ஆகவே கடைக்காரரின் பேச்சையோ அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களையோ மட்டும் நம்பி வாங்காமல், ரேடியோ உரிமம் வைத்திருக்கும் நண்பர்களைக் கருவியோடு எங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கடலிலேயே பேசிப் பார்த்து முடிவெடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

கையடக்க வகையில் ஐகாம் ஐசி-எம்37, ஸ்டாண்டர்டு ஹொரைசன் எச்எக்ஸ்40, அதே நிறுவனத்தின் எச்எக்ஸ்890 ஆகிய மூன்றும் கிடைத்தன. மூன்றின் உச்ச ஒலிபரப்புத் திறனும் 6 வாட் என்பதால் அந்த எண்ணை வைத்து அவற்றைத் தரம் பிரிக்க வழியில்லை. பொதுவாகவே வாட் கணக்குக்கு நாம் தரும் முக்கியத்துவம் மிக அதிகம் என்பது என் எண்ணம். 5 வாட் கருவிக்கும் 6 வாட் கருவிக்கும் உள்ள வேறுபாடு, அலையின் வலிமையை ஒப்பிடும் அளவான டெசிபெல்லில் ஒன்றைக்கூட எட்டாது, அதைக் காதால் உணரவும் முடியாது. கடல்சார் விஎச்எஃப் இயங்கும் 156 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. எனவே எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம்தான். இரு ஆன்டெனாக்களின் உயரங்களையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். படகில் உட்கார்ந்தபடி நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்துப் பேசும் இருவருக்கு இடையே இது சுமார் 8 கிலோமீட்டர்தான். அதே கையடக்கக் கருவியால், 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் கப்பலை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வரை எட்ட முடியும் என்று கணக்குச் சொல்கிறது. பாய்மர உச்சியில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரு படகுகளுக்கு இடையே இது ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

கணக்கு அப்படி இருந்தாலும் கடலில் பேசிப் பார்க்கும்போது வேறு சிலவும் தெரியவந்தன. சோதனைப் பேச்சு எதையும் சேனல் 16-இல் நடத்தவில்லை. 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அந்தச் சேனல் ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது, அதில் காது மட்டும் வைத்திருப்பதே முறை. படகுகளுக்கு இடையிலான சேனல் 72-ஐத் தேர்ந்து, துறைமுகத்துக்குள் இருக்கும் வரை 1 வாட்டிலேயே பேசினோம். எதிர்ப்படகில் கருவியைப் பிடித்திருந்தவர், பல ஆண்டுகளாகக் கடலில் உழைத்த எங்கள் படகுக்காரர். குரல் விட்டுவிட்டுப் போனபோது அவர் சொன்னதுதான் முதல் பாடம்: “சார், அத்த நெஞ்சாண்ட வச்சிக்கினு பேசாதீங்க, நேரா தூக்கிப் புடிங்க, அப்பதான் எங்களுக்குக் கேக்குது.” உடம்பு அலையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், கருவி சாய்ந்தால் ஆன்டெனாவும் சாய்ந்து எதிர்முனையின் செங்குத்தான ஆன்டெனாவோடு ஒத்துப்போகாது என்பதும் நூலில் படித்தவைதாம். “அண்ணே, இப்ப எப்படி?” என்று கேட்டபடி கருவியை நிமிர்த்தி, முகத்துக்குச் சற்று விலக்கிப் பிடித்ததும், கரகரப்புக்கு நடுவே புதைந்திருந்த என் குரல் முழுச் சொற்களாகத் தெளிந்ததாக அவர் பதில் சொன்னார். எந்த மாதிரியை வாங்குபவரும் கையேட்டைப் பிரிப்பதற்கு முன் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்வது நல்லது.

அடுத்து நான் அதிக நேரம் செலவிட்டது ஒலிபெருக்கியின் தெளிவைக் கவனிப்பதில். சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து, பாய் படபடக்கத் தொடங்கிய பிறகு, அறைக்குள் கணீரென்று கேட்ட கருவிகூட முணுமுணுப்பதுபோல் ஆகிவிடுகிறது. மூன்றில் எச்எக்ஸ்40 மிகச் சிறியது, சட்டைப்பையில் அடங்கும், ஆனால் காற்றில் அதைக் காதோடு ஒட்டிவைத்தால்தான் சொற்கள் பிடிபட்டன. எம்37-இன் குரல் கைநீட்டும் தூரத்திலும் புரிந்தது. கடல்நீர் நிறைந்த வாளியில் அதை முக்கியெடுத்தபோது ஒலிபெருக்கியின் துளைகளில் நீர் தேங்கி ஓசை அடைத்துக்கொண்டது. ஐகாம் நிறுவனம் அக்வாகுவேக் என்று பெயரிட்டிருக்கும் வசதியை இயக்கியதும், கருவி கையில் அதிர்ந்து, துளைகளிலிருந்து நீர் பொடிப்பொடியாகத் தெறித்து வெளியேற, குரல் மறுபடி தெளிந்தது. விளம்பரத்துக்காகச் சேர்த்தது என்று நான் எண்ணியிருந்த இந்த வசதி, முகத்தில் அலை அடிக்கும் சிறு படகில் உண்மையிலேயே பயன்படும்.

மிதப்பதா, மூழ்குவதா என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. எச்எக்ஸ்40 நீர் புகாதது, ஆனால் மிதக்காது. எம்37, எச்எக்ஸ்890 இரண்டும் மிதக்கும், நீரில் விழுந்ததும் விளக்கு ஒளிரும். ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. கைநழுவி 15 மீட்டர் ஆழத்துக்குப் போன கருவி அதன் பிறகு வேலை செய்யுமா என்பது நமக்கு உதவாத கேள்வி. மிதக்காத கருவியை வாங்குபவர் அதை லைஃப் ஜாக்கெட்டோடு கயிற்றால் கட்டியே வைக்க வேண்டும்.

எச்எக்ஸ்890 விலை கூடியது. அந்த விலைக்கு அது தருவது டிஎஸ்சி என்னும் எண்முறை அழைப்பும் உள்ளேயே பொதிந்த ஜிபிஎஸும். சிவப்பு மூடியைத் திறந்து பொத்தானை அழுத்திப் பிடித்தால், படகின் அடையாள எண்ணும் அது நிற்கும் இடமும் சேனல் 70 வழியாகச் செல்லும். யாரேனும் ஏற்றுக்கொள்ளும் வரை ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே திரும்ப ஒலிபரப்பாகும். படகு கவிழ்ந்து நீரில் தத்தளிக்கும் ஒருவர் அட்சரேகை தீர்க்கரேகைகளைப் படித்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது, ஆகவே இந்தக் கூடுதல் விலை நியாயமானது என்பதே என் தீர்ப்பு. அந்தப் பொத்தானை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவும் கூடாது. சென்னையிலேயே கடலோரக் காவல் படையின் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இயங்குகிறது. பொய் அழைப்பு ஒன்று அங்கே எத்தனை பேரின் நேரத்தை விழுங்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலையான கருவிக்கு ஐகாம் ஐசி-எம்330, ஸ்டாண்டர்டு ஹொரைசன் ஜிஎக்ஸ்1400 இரண்டையும் பார்த்தோம். இரண்டும் 25 வாட், இரண்டிலும் டிஎஸ்சி உண்டு, ஜிபிஎஸ் பொதிந்த வடிவங்களும் உண்டு. வேலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. எங்கள் படகின் சிறிய அறை வாசலுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் எம்330 அடங்கியது, அதனால் அதைத் தேர்ந்தோம்.

உண்மையான வேலை அதன் பின்னால் இருந்தது. 25 வாட்டில் பேசும்போது இத்தகைய கருவி சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய மின்கம்பி போட்டால் பேசும் வேளையில் மின்னழுத்தம் இறங்கி, ஒலிபரப்புத் திறனும் அதோடு இறங்கிவிடும் என்பதால், பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த கம்பி இழுத்து ஃபியூஸ் வைத்தோம். பாய்மர உச்சியிலிருந்து இறங்கும் ஆன்டெனா கேபிளை வாங்க, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனபோது மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் எல்லாக் கடையிலும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இந்த அலைவரிசையில் அது 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல் தின்றுவிடும், அதாவது 25 வாட் உள்ளே போனால் உச்சிக்கு 16 வாட் அளவில்தான் சேரும். தடித்த ஆர்ஜி-213 கேபிளில் இழப்பு அதில் பாதிகூட இல்லை, ஆனால் பாய்மரத்தின் உள்ளே கனமாகத் தொங்கும். சிறு படகில் உச்சியின் கனம் படகின் சாய்வைப் பாதிக்கும் என்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஆர்ஜி-8எக்ஸ் கேபிளை எடுத்தேன்.

கனெக்டரைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். படகில் முன்பு யாரோ விட்டுவைத்த பழைய கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தபோது, மேலே கறுப்பு உறை பளபளப்பாக இருக்க, உள்ளே செம்பு வலை ஒரு முழம் தூரத்துக்குப் பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உப்பு நீர் கனெக்டரின் பின்புறமாகப் புகுந்து, வலையின் இழைகள் வழியே ஊறி ஏறியிருக்கிறது. புதிய முனையில் வெள்ளீயம் பூசிய செம்பு வலை உள்ள கேபிளைப் போட்டு, திருகுவதோடு விடாமல் சாலிடர் வைத்து, உள்ளே பசை தடவிய வெப்பச்சுருக்கக் குழாயை இரட்டையாகப் போர்த்தினேன். ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பிவரும் அலையைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் அளவு 1.5-க்குக் கீழே, அதாவது நல்ல நிலையில், நின்றது. அதற்குப் பிறகு அலைதடுப்புச் சுவருக்கு வெளியே வந்ததும், கையடக்கக் கருவியில் வெறும் இரைச்சலாக இருந்த தொலைவான பேச்சுகள் இதில் சொல் சொல்லாக விழுந்தன. உயரமும் இழப்பு குறைந்த கேபிளும் பேசுவதற்கு மட்டுமல்லாமல் கேட்பதற்கும் உதவுகின்றன என்பது கண்கூடானது. ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும்போது, அது அலையை எவ்வளவு குவிக்கிறது என்று சொல்லும் டெசிபெல் எண் பெரிதாக இருப்பதே மேல் என்று எண்ணக்கூடாது. 6 டெசிபெல் ஆன்டெனா அலைக்கற்றையைத் தட்டையாக்கிவிடும், பாய்மரப் படகு சாய்ந்தோடும்போது அந்தக் கற்றை ஒருபுறம் வானையும் மறுபுறம் நீரையும் நோக்கும். 3 டெசிபெல் ஆன்டெனாவே இதற்குப் பொருத்தம்.

இரவில் பாய்மர உச்சியின் எல்இடி விளக்கைப் போட்டதும் வரவேற்பு மங்கியதையும் கவனித்தோம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-இல் இது குறித்து எச்சரிக்கையே வெளியிட்டிருக்கிறது. சோதிக்கும் முறை எளிது. பேச்சில்லாத ஒரு சேனலுக்குப் போய், பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் எல்லையில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் மீண்டும் கிளம்பினால் அந்த விளக்கின் மின்சுற்றே கோளாறு செய்கிறது என்று பொருள். எங்கள் விளக்கை மாற்றியதும் இரைச்சல் நின்றது.

உரிமத்தை யாரும் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் கம்பியில்லாக் கருவி வைத்திருக்கத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு உரிமம் வழங்குகிறது. டிஎஸ்சி-க்குத் தேவையான, படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் இந்தியக் கலங்களுக்கு 419 என்று தொடங்கும். பல கருவிகளில் ஒருமுறை அந்த எண்ணைப் பதிந்துவிட்டால் பயனரே மாற்ற இயலாது என்பதால், எண் கைக்கு வரும் முன் எதையாவது தட்டிப் பார்ப்பது கூடாது.

இவை எல்லாவற்றாலும் முடியாதது ஒன்று உண்டு. 2017-இல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் வெகுதொலைவில் இருந்த மீனவர்களை விஎச்எஃப் எட்டவில்லை. அத்தனை தூரம் போகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் வழிக் கருவிதான் வேண்டும். கோடையில் காற்று அசையாத நாள்களில் வழக்கமான எல்லைக்கு அப்பாலிருந்து குரல்கள் கேட்பதுண்டு. அது வளிமண்டல அடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவருவதால் நேர்வது, அதை நம்பித் தொலைவுக்குப் போகக் கூடாது.

இப்போதைய ஏற்பாட்டில் எம்330 அறை வாசலில் இருக்கிறது, எச்எக்ஸ்890 சுக்கான் பிடிப்பவரின் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கிறது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்பவருக்கு, மிதக்கும் டிஎஸ்சி கையடக்கக் கருவியையே முதலில் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் படகைவிட்டு நீரில் விழுந்தவரோடு வருவது அது ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், பாய்மரத்தின் அடியில் கேபிள் படகுக்குள் இறங்கும் இணைப்பையும் அவிழ்த்துப் பார்த்து, புதிய உறை போர்த்தி, மறுபடி மீட்டர் வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.