சொன்னது பலித்த இளவரசன்

மார்ச் 3, ஞாயிறு

டிராய்ப் போரைப் பாடும், கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்தின் 13ஆம் காண்டத்தை இன்று மறுபடியும் படித்தேன். டிராய் மன்னன் பிரியமின் மகன் ஹெலனஸ் எய்த அம்பு, கிரேக்கத் தரப்பு மன்னன் மெனலாவ்ஸின் மார்புக் கவசத்தில் பட்டு, களத்தில் தூற்றும்போது கரிய மொச்சையும் கொண்டைக்கடலையும் தெறிப்பதைப் போலத் தெறித்து விழுகிறது. உடனே மெனலாவ்ஸின் ஈட்டி, வில்லைப் பிடித்திருந்த அவன் கையைத் துளைத்து வில்லோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. கையைத் தொங்கவிட்டு, ஈட்டியை இழுத்தபடி அவன் பின்வாங்க, டிராய் வீரன் அகெனோர் அதைப் பிடுங்கிக் காயத்தைக் கம்பளிக் கவணால் கட்டுகிறான். டிராயின் தலைசிறந்த நிமித்திகனான ஹெலனஸ், தன் கைக்கு வரவிருந்ததை அறிந்திருந்தானா என்பதைப் பற்றி ஹோமர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னை வெகுநேரம் பிடித்து வைத்திருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

கசாண்ட்ரா ஹெலனஸின் இரட்டைச் சகோதரி என்பது பிற்கால மரபு. இருவருக்கும் வருவதுரைக்கும் வரம் இருந்தும், அப்பொல்லோவின் சாபத்தால் அவள் சொல்லை எவரும் ஏற்கவில்லை. அவன் சொல்லையோ எல்லாரும் ஏற்றார்கள். 6ஆம் காண்டத்தில் அவன் சொன்னதற்காகவே அவன் அண்ணன் ஹெக்டர் போர்க்களத்தை விட்டு ஊருக்குள் வந்து, அதீனாவுக்குச் சிறந்த ஆடையொன்றைக் காணிக்கையாக்கும்படி தாயிடம் சொல்கிறான். தெய்வம் வேண்டுதலை மறுத்தது என்றாலும், அந்த வருகையால்தான் ஹெக்டர் தன் மனைவி அந்திரோமகியையும் கைக்குழந்தையையும் கடைசியாகச் சந்திக்க முடிகிறது.

மார்ச் 9, சனி

நம்பப்படுவதும் ஒரு சுமைதான் என்று இன்று தோன்றியது. கி.மு. 409இல் மேடையேறிய சோபக்ளீஸின் ‘பிலொக்டீடிஸ்’ நாடகத்தில், கிரேக்கத் தரப்பின் ஒடிசியஸ் இரவில் தந்திரமாக ஹெலனஸைச் சிறைப்பிடிக்கிறான். கிரேக்க வில்வீரன் பிலொக்டீடிஸும் அவனது வில்லும் வந்து சேர்ந்தால் அந்தக் கோடையிலேயே டிராய் விழும் என்று சொல்லும் ஹெலனஸ், தன் வாக்குப் பொய்த்தால் தன்னைக் கொன்றுவிடலாம் என்றும் சொல்கிறான். அவன் பிறந்த ஊர் எரிந்தால்தான் அவன் பிழைப்பான். இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் இயலவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஹெலனஸுக்குக் கிரேக்க நாட்டின் ஆர்கோஸ் நகரில் கல்லறை இருப்பதாக அவ்வூரார் சொன்னதைப் பண்டைய பயண எழுத்தாளர் பௌசானியஸ் நம்பவில்லை. கிரேக்கத்தின் வடமேற்கே இருந்த எபிரஸின் மன்னன் பைரஸ் தன் மகனுக்கு ஹெலனஸ் என்று பெயரிட்டிருந்தான், பைரஸ் கி.மு. 272இல் மாண்டதும் அதே ஆர்கோஸில்தான்.

மார்ச் 16, சனி

ரோமக் கவி வர்ஜிலின் ஈனியட் காவியம், 3ஆம் காண்டம். இன்றைய அல்பேனியாவில் பூட்ரின்ட் எனப்படும் புத்ரோட்டத்தில் ஹெலனஸ் அரசாள்கிறான். அந்திரோமகி இப்போது அவன் மனைவி. ஹெக்டரின் வெற்றுக் கல்லறையில் அவள் அழுதுகொண்டிருக்கிறாள். சின்ன டிராய், வறண்ட ஓடைக்கு டிராயின் ஆறான ஸாந்தஸின் பெயர், பழைய வாயிலின் பெயரிலேயே ஒரு வாயில். டிராயிலிருந்து தப்பி அங்கு வந்த ஈனியஸுக்கு இத்தாலியையும் வெள்ளைப் பன்றியின் முப்பது குட்டிகளையும் முன்னுரைக்கும் ஹெலனஸ், தான் மட்டும் இழந்த ஊரின் நகலுக்குள்ளேயே தங்கிவிடுகிறான். எனக்கு மிகவும் வலித்த பகுதி இது. அந்த இடத்தை இத்தாலியரான உகோலினி 1928இல் அகழத் தொடங்கினார். 1992இல் அது யுனெஸ்கோ பாரம்பரியக் களமாயிற்று.

மார்ச் 17, ஞாயிறு

வியாழன் கோளின் பாதையில் சுற்றும், டிராய்ப் போர் மாந்தரின் பெயர் சூட்டப்பட்ட ட்ரோஜன் சிறுகோள்களின் பட்டியலைப் பார்த்தேன். 1971இல் கண்டறியப்பட்ட 1872ஆம் எண் சிறுகோளின் பெயர் ஹெலனஸ். அடுத்த எண்ணான 1873, அவன் கையைக் கட்டிவிட்ட அகெனோருடையது.