‘முடிச்சிடு’ன்னா அழிச்சிடுன்னு அர்த்தமா?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் ஆபீஸ். பத்துப் பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் செய்கிறோம். அதற்கு டாக்குமென்ட் எழுதுவது என் வேலை. ஏஐ ஏஜென்ட்கள் (நாம் சொன்னதைக் கேட்டுத் தானே வேலையைச் செய்யும் ஏஐ) நேராக உள்ளே வந்து வேலை பார்க்கட்டும் என்று அண்மையில் ஒரு எம்சிபி சர்வர் கட்டினார்கள். எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்), 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. ‘என்னிடம் இன்னின்ன டூல் இருக்கிறது, இது இதைச் செய்யும்’ என்று சர்வர் ஏஜென்ட்டிடம் சொல்வதற்கான வழி. டாஸ்க் உருவாக்க, தேட, திருத்த என்று ஒவ்வொரு டூலுக்கும் ஏஜென்ட் படிக்கும் விளக்கத்தை வரிசையாக எழுதி முடித்துக் கடைசியில் ‘டெலீட் டாஸ்க்’குக்கு வந்தேன்.

“டாஸ்க்கை டெலீட் பண்ணும்னு ஒரு வரி எழுதிரும்மா. அதுல என்ன இருக்குது?” என்றார் பேக்கெண்ட் பார்க்கும் அண்ணா. அப்படியே எழுதினேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தட்டுவது மாதிரியே தமிழில் தட்டிப் பார்ப்போமே என்று டெஸ்ட் ஒர்க்ஸ்பேஸில் “தீபாவளி ஆர்டர் எல்லாம் முடிச்சிடு” என்று அடித்தேன். முடிந்தது என்று டிக் போடும் என்று நினைத்தேன். ஏஜென்ட் டெலீட்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டது. 14 டாஸ்க். கடைசியில் ‘எல்லாம் முடிந்தது’ என்று பதில் வேறு. எல்லாமே டெஸ்டிங் தம்பி இரண்டு வாரமாகக் கையால் ஏற்றி வைத்திருந்தது: எடை, டிசைன் போட்டோ, அட்வான்ஸ், பாலிஷுக்குப் போன தேதி.

“ட்ராஷ்ல இருக்கும், பயப்படாதே” என்றார் அண்ணா. ட்ராஷ் காலி. நீக்கியவை 30 நாள் ட்ராஷில் இருக்கும் என்று ஹெல்ப் பக்கத்தில் எழுதியதே நான்தான். ஸ்க்ரீனில் உள்ள பட்டனை அழுத்தினால் அது உண்மை. ஏஜென்ட் மாதிரி வேறு ப்ரோகிராம்கள் உள்ளே வரும் ஏபிஐ வழியாக வந்தால் நேராக டேட்டாபேஸிலிருந்தே போய்விடுகிறது. கூடவே சப்டாஸ்க், கமென்ட், போட்டோ, நேரக் கணக்கு எல்லாம். அண்ணா கோடைத் திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

சரி, அழிப்பதற்கு முன் ஏன் கேட்கவில்லை? எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒவ்வொரு டூலுக்கும் சில குறிப்புகள் வைக்கலாம். ‘டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’ என்று ஒன்று, இந்த டூல் எதையாவது அழிக்குமா என்று சொல்வது. சும்மா விட்டாலே அது ‘ஆம்’ என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். நாங்கள் சும்மா விடவில்லை. டாஸ்க் உருவாக்கும் டூலிலிருந்து காப்பி அடித்து ஒட்டியதில் ‘இல்லை’ என்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் சோதித்த ஏஜென்ட் ஆப் அனுமதி கேட்காமலே விட்டுவிட்டது. திருத்தினோம். ஆனாலும் அது வெறும் குறிப்புதான், எல்லா ஆப்பும் மதிக்கும் என்று சொல்ல முடியாது. அதை நம்பித் தூங்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு சப்போர்ட்டில் போன் எடுக்கும் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். பட்டறைக்காரர்கள் என்னென்ன வார்த்தை சொல்வார்கள் என்று கேட்டேன். ‘தூக்கிடு’ என்றால் பெரும்பாலும் வேறு லிஸ்டுக்கு மாற்று. ‘எடுத்துடு’வும் அப்படித்தான். ‘க்ளியர் பண்ணிடு’ என்றால் பாக்கி தீர்ந்தது என்றும் இருக்கலாம். ‘கேன்சல்’ என்றால் ஆர்டர் வேண்டாம், ஆனால் அட்வான்ஸ் வாங்கிய கணக்கு இருந்தாக வேண்டும். “நிஜமாவே அழிக்கச் சொல்றவங்க ‘சுத்தமா இருக்கவே கூடாது’ம்பாங்க. வருஷத்துக்கு நாலு பேர் இருந்தா அதிகம்” என்றார். அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்த தகவல் அதுதான். இந்த வார்த்தைகள் வந்தால் இந்த டூலைத் தொடாதே, அழிக்காமல் ஒதுக்கி வைக்கும் ஆர்க்கைவ் டூலைப் பார், சந்தேகமிருந்தால் கேள் என்று விளக்கத்திலேயே எழுதினேன்.

இன்னொரு கூத்து மறுநாள். ஒரு டாஸ்க்கை அழிக்கச் சொன்னோம், அழித்தது. நெட் விட்டு விட்டு வந்ததில் பதில் போய்ச் சேரவில்லை. மறுபடி கூப்பிட்டது, ‘டாஸ்க் இல்லை’ என்று எரர். உடனே என்ன செய்தது தெரியுமா? டாஸ்க் எண்ணைத்தான் தப்பாகக் கொடுத்துவிட்டோம் போல என்று, தேடும் டூலை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட அதே பெயருள்ள இன்னொரு டாஸ்க்கைக் கண்டுபிடித்து அதை அழித்தது! ரொம்பப் பொறுப்பான பிள்ளை. எரர் வாசகமும் ஆவணத்தில் ஒரு பகுதிதான் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது அது ‘இந்த டாஸ்க் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது. வேலை முடிந்தது. வேறு டாஸ்க்கைத் தேடாதே’ என்று சொல்கிறது.

எண்ணோடு டாஸ்க்கின் பெயரையும் கொடுத்தே ஆகவேண்டும், இரண்டும் பொருந்தாவிட்டால் சர்வர் மறுக்கும் என்பதையும் அண்ணாவிடம் சண்டை போட்டு வாங்கினேன். ஏபிஐ வழியும் ட்ராஷுக்குப் போகட்டும் என்று கேட்டதற்கு அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்றிருக்கிறார். அதுவரை விளக்கத்தின் முதல் வரி: ‘நிரந்தரமாக அழிக்கும், ட்ராஷுக்குப் போகாது, திரும்ப எடுக்க முடியாது.’ ஹெல்ப் பக்கத்தில் நான் எழுதிய அந்த 30 நாள் வரியையும் திருத்தினேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஒரு வரி கேட்ட இடத்தில் 23 வரி ஆகிவிட்டது. “இதென்னம்மா, பத்திரம் எழுதுற மாதிரி” என்றார் அண்ணா.

14 ஆர்டரையும் தம்பி சனிக்கிழமை உட்கார்ந்து திரும்ப ஏற்றினான். பக்கத்தில் நான் எடையை வாசிக்க வாசிக்க அவன் அடித்தான். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது பிளேட்டும் கேட்டான்.