ஏழு மாதம், மூன்று மணிக்கூடு, ஒரு சொட்டுத் தண்ணீர்

இப்போதைய நிலவரம் இது: வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் மூன்று சுழியோடி மணிக்கூடுகள். ஒன்று புதிது, இரண்டு பழசு. பிரித்தானியக் கடற்படைக்கு 1970களில் றோலெக்ஸ் செய்து கொடுத்த 'மில்சப்' ஒன்றின் சாவித் திருகு (சாவி கொடுக்கப் பக்கத்தில் இருக்கிற குமிழ்) வாங்கக்கூட இந்த மூன்றையும் விற்ற காசு காணாது. அது தெரிந்துதான் ஏழு மாதத்துக்கு முன் இந்தச் சேகரிப்பில் இறங்கினேன்.

முதலில் வாங்கியது 'லிமிடெட் எடிஷன்'. பின்மூடியில் '137/300' என்று செதுக்கியிருந்தது. அந்த இலக்கத்துக்காகவே வாங்கினேன் என்பதை ஒளிக்கவில்லை. வடிவம் டோர்னெக்-ரேவில் என்ற பழைய அமெரிக்கக் கடற்படை மணிக்கூட்டைப் பார்த்துச் செய்தது. அந்தப் பழசின் கதையை வாங்கிய பிறகுதான் வாசித்தேன். அங்கேதான் எல்லாம் பிழைத்துப்போனது.

பிரெஞ்சுப் போர்ச் சுழியோடிகளுக்காக 1953இல் பிளாங்பான் என்ற சுவிஸ் கம்பனி 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்ற மணிக்கூட்டைச் செய்தது. ஐம்பது பாகம், அதாவது ஏறக்குறைய 91 மீற்றர் ஆழம். அமெரிக்கக் கடற்படைக்கும் அது பிடித்துப்போனது. ஆனால் அரசாங்கக் காசில் உள்நாட்டுச் சாமானுக்கே முதலிடம் என்று அங்கே ஒரு சட்டம். இறக்குமதி செய்துகொண்டிருந்த ஆலன் டோர்னெக் தன் பெயரை முன்னால் போட்டார். பின்னால் வந்த 'ரேவில்' பிளாங்பானின் கம்பனிப் பெயர், விலெரே என்ற சுவிஸ் ஊரின் ஒலியைப் புரட்டிப்போட்டது. சுவிஸ் சாமான் அமெரிக்கப் பெயரோடு 1960களில் கடற்படைக்குள் போனது. இருட்டில் ஒளிர்வதற்கு முள்ளிலும் டயலிலும் புரோமெத்தியம் 147 பூசியிருந்தார்கள். அதனால் பின்மூடியில் கதிரியக்க எச்சரிக்கை. கண்டெடுத்தால் பக்கத்து இராணுவ முகாமில் ஒப்படைக்கவும் என்றும் எழுதியிருந்தது. வேலை முடிந்ததும் பெரும்பாலானவற்றைக் கதிரியக்கக் கழிவோடு கழிவாக அழித்துவிட்டார்கள். தப்பியவை கொஞ்சம். இன்று ஏலத்தில் அவற்றுக்கு ஏறுகிற விலை இந்தக் குப்பைக் கதையால் வந்தது, செதுக்கிய இலக்கத்தால் அல்ல.

அசலில் ஆறு மணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். உள்ளே ஈரம் புகுந்தால் அது நிறம் மாறும். என்னுடைய 137ஆம் இலக்கத்திலும் வட்டம் இருக்கிறது. புறக்கோட்டையில், கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, படிக்கட்டுக்குக் கீழே மேசை போட்டு மணிக்கூடு திருத்துகிற நானாவிடம் காட்டினேன். கண்ணில் லென்சை இறுக்கிப் பார்த்துவிட்டு, "இது வெறும் பெயின்ட் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஒன்று வாங்கித் தந்தார்.

அடுத்தது வொஸ்தோக் அம்பிபியா என்ற ரஷ்யச் சுழியோடி மணிக்கூடு. லண்டனில் இருக்கிற மச்சான் வரும்போது சொக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். சாவித் திருகைக் கழற்றினால் அது லொடலொடவென்று ஆடியது. ஏமாந்துவிட்டேன் என்று ஒரு இரவு நித்திரையில்லை. பிறகுதான் தெரிந்தது, அது அப்படியே செய்யப்பட்டது: வெளியே இழுபட்டு நிற்கிற திருகு எதிலாவது இடிபட்டால் உள்ளே தண்டு வளையாமல் இருப்பதற்காம்.

இந்த மணிக்கூட்டின் மூளையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அலுக்காது. 1967இல் சிஸ்தோபொல் தொழிற்சாலையில் நோவிகோவ், பெலோவா என்ற இரண்டு பேர் வடிவமைத்தது. தண்ணீரை முழுப் பலத்தோடு எதிர்த்து நிற்காமல், அதன் அழுத்தத்தையே வேலைக்கு வைத்தார்கள். தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி ஆழம் போகப்போக உள்நோக்கி வளைந்து சட்டத்தோடு இறுகும். பின்மூடி தட்டையான றப்பர் வளையத்தின் மேல் சும்மா இருக்கும், அதைப் பிடிப்பது தனி வளையம். அதனால் திருகும்போது றப்பர் முறுகாது. ஆழம் கூடக்கூட மூடல் இறுகும், 200 மீற்றர்வரை தாங்கும். கண்ணாடியில் கீறல்கள் இருந்தன, பற்பசை போட்டுத் தேய்த்தேன், போய்விட்டன.

நானா பின்மூடியைத் திறந்ததும் சிரித்தார். "வெளிய 31 கல்லுன்னு ஈக்கி, உள்ளுக்கு 17தான் ஈக்கி." கல் என்றால் தேய்மானம் குறைய மெசினுக்குள் வைக்கிற சின்ன மாணிக்கக் கற்கள். டயலில் ரஷ்ய எழுத்தில் தானியங்கி என்று இருக்கிறது. உள்ளே இருப்பதோ 2414, கையால் சாவி கொடுக்கிற மெசின். இரண்டு மெசினுக்கும் ஒரே டயல் பொருந்தும் என்பதால் யாரோ ஒருவர் எங்கேயோ கலந்துகட்டிவிட்டார். மச்சானிடம் இதைச் சொல்லவில்லை. பாவம், அவர் சொக்ஸ் எல்லாம் தியாகம் செய்தவர்.

மூன்றாவது சீக்கோ 6309. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் கிடைத்தது, தகப்பன் சவூதியில் வேலை செய்து கொண்டுவந்தது. எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் வாங்கிவந்த சீக்கோக்கள் இந்த ஊர் அலுமாரிகளில் இன்னும் எத்தனை தூங்குதோ! தொடர் இலக்கம் '2N' என்று தொடங்குகிறது. முதல் எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம், நவம்பருக்கு N. இந்த வகை 1976 முதல் 1988 வரைதான் வந்தது, ஆகவே 1982 நவம்பர். இது படைக்குக் கொடுத்த மணிக்கூடு அல்ல. இதற்கு முந்திய 6105ஐத்தான் வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிக் கட்டினார்கள். ஆக, சிப்பாயின் தம்பி. ஆனால் டயல், முள், மெசின் எல்லாம் பிறந்தபடி. நானா கூட இரண்டு தரம் பார்த்தார்.

சென்ற ஞாயிறு மூன்றையும் சோதித்தேன். அழுத்தச் சோதனைக் கருவி நானாவிடம் இல்லை. ஆனால் சுழியோடி மணிக்கூட்டுக்கான சர்வதேசத் தரத்தில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மணிக்கூட்டை 40 முதல் 45 பாகைச் சூட்டில் வைத்து, கண்ணாடியில் அறை வெப்பநிலைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடத்தில் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்பக்கம் புகை படிந்தால் ஈரம் இருக்கிறது. சூட்டுக்குச் சுடுதண்ணிப் பானையின் மூடி, அளக்கக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெப்பமானி. "இஞ்சருங்கோ, அந்தப் பானையிலதான் நாளைக்குச் சோறு" என்று குசினியிலிருந்து சத்தம்.

137ஆம் இலக்கம்: சுத்தம். கலப்பு அம்பிபியா: சுத்தம். சீக்கோ: பன்னிரண்டு மணிக்குக் கீழே பிறை மாதிரிப் புகை.

எரிச்சலாக இருந்தது. பொய் வட்டமும் பொய் மெசினும் தேறிவிட்டன, உண்மையானது தோற்றது. திங்கட்கிழமை நானா குற்றவாளியைக் காட்டினார்: சாவித் திருகுக்குள் இருக்கிற றப்பர் கல்லாகியிருந்தது. பின்மூடி வளையத்துக்குப் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றிலேயே பொருத்தமானது கிடைத்தது. திருகை மட்டும் முழுசாக மாற்ற வேண்டும், அது வேறு கம்பனி செய்த புதியதாகத்தான் கிடைக்கும். போட்டால் பிறந்தபடி என்று சொல்ல முடியாது. போடாவிட்டால் தண்ணீரில் இறங்க முடியாத சுழியோடி மணிக்கூடு.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் புதியதைச் சொல்லிவிட்டேன், மச்சான் அடுத்த மாதம் கொண்டுவருவார். பழைய திருகை ஒரு மருந்துக் குப்பிக்குள் போட்டு வைக்க நானா ஒத்துக்கொண்டார். அதுவரை சீக்கோவைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். காலி வீதியில் மழை தொடங்கினால் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டுவிடுகிறேன்.