பக்கம் திறக்கிறது, லேப் மட்டும் திறக்கவில்லை

பயிற்சியின் முதல் நாள். லாகின் ஆனது, பாடக்குறிப்புகள் வந்தன, வீடியோவும் தடையில்லாமல் ஓடியது. லேப்பை, அதாவது பிரவுசர் வழியாகவே இயக்கிப் பழகும் பயிற்சி மெஷினை, தொடங்கும் பட்டனை அழுத்தினால் மட்டும் புதிய டேப் ஒன்று திறந்து, 'இணைக்கப்படுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் கறுப்புத் திரையில் போய் நின்றது. உடன் படித்தவர்களில் பலருக்கு நன்றாகவே வந்தது. பயிற்சி நிறுவனத்தின் உதவிக் குழுவிடம் கேட்டால் வழக்கமான பதில்: கேஷை (பிரவுசர் சேமித்துவைத்த பழைய கோப்புகளை) அழியுங்கள், வேறு பிரவுசரில் பாருங்கள், இணைய வேகத்தைச் சோதியுங்கள். எல்லாம் செய்தேன். வேகம் தாராளமாகவே இருந்தது. கறுப்புத் திரை மாறவில்லை.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அதில் புரிந்தது பலருக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பாடப் பக்கமும் லேப்பும் ஒரே பிரவுசரில் தெரிந்தாலும், இரண்டும் வரும் விதம் வேறு. பாடப் பக்கத்தில் பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் தரும், அத்தோடு முடிந்தது. லேப் என்பது எங்கோ ஒரு சர்வரில் ஓடும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் மெஷின். அதன் திரை இங்கே வந்துகொண்டே இருக்க வேண்டும், நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அங்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். தொலைவில் உள்ள மெஷினின் திரையைக் காட்டும் முறைகளான ஆர்டிபி, விஎன்சி இரண்டுக்கும் உள்ளே தனித்தனி போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட வாசல்கள், இருக்கும்: ஆர்டிபி என்றால் 3389, விஎன்சி என்றால் 5900. ஆனால் பிரவுசர் அந்தப் போர்ட்டுகளுக்கு நேராகப் போவதில்லை. நடுவில் ஒரு கேட்வே (இரு பக்கத்தையும் இணைக்கும் சர்வர்) உட்கார்ந்து, அந்தத் திரையை வெப்சாக்கெட்டாக, அதாவது மூடாமல் இருபக்கமும் பேசிக்கொண்டே இருக்கும் இணைப்பாக, மாற்றி, இணையப் பக்கங்கள் வரும் வழக்கமான 443 போர்ட்டிலேயே அனுப்புகிறது. கடிதம் போட்டுப் பதில் வாங்குவதற்கும், போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

வெப்சாக்கெட் 2011-இல் தரநிலையானது. அது இணையப் பக்கத்தைக் கேட்பது போன்ற சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகவே தொடங்குகிறது. 'இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாமா' என்று, கோரிக்கையோடு போகும் அப்கிரேட் என்ற ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) பிரவுசர் கேட்கும். சர்வர் சம்மதித்தால் 101 என்ற எண்ணோடு பதில் வரும். அந்த 101 வராவிட்டால் லேப் இல்லை. நடுவில் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் ப்ராக்ஸி சர்வர் இந்த ஹெடரைத் தானாக முன்வந்து கடத்திவிடாது, அதற்கென்று அமைத்திருந்தால்தான் கடத்தும். வீடியோ ஓடிய அதே இணைப்பில் லேப் மட்டும் நின்றுபோக இது ஒன்றே போதும்.

சரி, எங்கே தடைபடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். முதலில் லேப்டாப்பும் பிரவுசரும் அப்படியே இருக்க, இணைய வழியை மட்டும் மாற்றினேன்: மொபைல் ஹாட்ஸ்பாட், அதுவும் அதுவரை போட்டிருந்த அலுவலக விபிஎன் (இணைப்பை அலுவலக நெட்வொர்க் வழியாகக் கொண்டுபோகும் பாதை) இல்லாமல். லேப் உடனே திறந்தது. அதே ஹாட்ஸ்பாட்டில் விபிஎன்னை மறுபடி போட்டேன், கறுப்புத் திரை திரும்பி வந்தது. லேப்பும் சரி, பிரவுசரும் சரி, மொபைல் இணைப்பும் சரி. தடை விபிஎன் வழியில் இருக்கிறது. உதவிக் குழுக்கள் கேஷை அழிக்கச் சொல்வதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் எத்தனையோ பேருக்கு அரைநாள் மிச்சமாகும்.

அடுத்து ஆதாரம். கறுப்புத் திரை இருந்த டேபில் எஃப்12 அழுத்தி, வரும் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்த டேபையே ரீலோட் செய்தேன். பிறகு திறந்தால் முதல் கோரிக்கை பதிவாகியிருக்காது, அதனால் இந்த வரிசை முக்கியம். வெப்சாக்கெட் வடிகட்டியைத் தட்டியதும் ஒரே ஒரு வரி மிஞ்சியது. விபிஎன் இல்லாதபோது அதில் 101. விபிஎன் இருக்கும்போது அந்த எண் இல்லை, கோரிக்கை தோற்றதாகச் சிவப்பில் இருந்தது. அதே கருவிகளில் பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் 1006 என்ற குறியீடு. இது சர்வர் அனுப்பும் எண் அல்ல. முறைப்படி விடைபெறாமல் இணைப்பு அறுந்துவிட்டது என்று பிரவுசரே குறித்துக்கொள்வது.

இன்னொன்றும் பார்த்தேன். முகவரிப் பட்டையில், தளத்தின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழின் விவரத்தைத் திறந்தால் அதை வழங்கியவர் யார் என்று தெரியும். ஹாட்ஸ்பாட்டில் பொதுவான சான்றளிப்பு நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. விபிஎன்னில் எங்கள் அலுவலகத்தின் பெயரே இருந்தது. அதாவது பாதுகாப்புச் சாதனம் நடுவில் இணைப்பைப் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழைப் போட்டு மறுபடி மூடி அனுப்புகிறது. அலுவலகங்களில் இது சகஜம், குறை சொல்வதற்கில்லை. வெப்சாக்கெட் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது என்று காட்டினால் போதும்.

அலுவலக நெட்வொர்க் குழுவுக்கு எழுதும்போது, விபிஎன் இருக்கும்போதும் இல்லாதபோதும் எடுத்த இரண்டு திரைப் படங்களையும் (ஸ்கிரீன்ஷாட்), தோற்ற நேரத்தையும், லேப்பின் டொமைன் பெயரையும் சேர்த்து அனுப்பினேன். நேரம் இருந்தால் அவர்கள் தங்கள் பதிவேட்டில் அந்த வரியை நேராகத் தேடிவிடலாம். ஒவ்வொரு முறை லேப் தொடங்கும்போதும் முகவரியின் முன்பகுதி மாறியது, அதனால் அந்த டொமைனின் கீழ் வரும் எல்லாப் பெயர்களுக்கும் இந்தப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து விலக்கு வேண்டும் என்று தனியாகக் குறிப்பிட்டேன். அன்றே செய்து கொடுத்தார்கள். விபிஎன்னோடு லேப் திறந்தது.

இரண்டாவது சிக்கல் அதற்குப் பிறகுதான் தலைகாட்டியது. பயிற்சிக் குறிப்பு வேறு டேபில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் ஆழ்ந்து படித்துவிட்டு லேப் டேபுக்குத் திரும்பினால் இணைப்பு அறுந்திருக்கும். லேப் டேபிலேயே சும்மா உட்கார்ந்திருந்தால் அறுபடவில்லை. இந்த வேறுபாடுதான் துப்பு கொடுத்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்ட லேப் பக்கம் சில விநாடிகளுக்கு ஒருமுறை சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் பகுதியில் அந்த வெப்சாக்கெட் வரியின் செய்திகளைத் திறந்தால் அவை போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், 5 நிமிடங்களுக்கு மேல் மறைந்திருக்கும் டேபின் டைமர்களை, அதாவது அந்தச் சின்னச் செய்தியை அனுப்பவைக்கும் கடிகாரங்களை, பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் பிரவுசர் ஓடவிடுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. மறுமுனையிலோ, சத்தமில்லாத இணைப்பை 60 விநாடியில் மூடுவது பல சாதனங்களின் இயல்பு அமைப்பு. என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸியிலும் இயல்பான அளவு அதுதான். ஒரு நிமிடமும் ஒரு நிமிடமும் மோதினால் சில நேரம் தப்பும், சில நேரம் அறுபடும்.

லேப் டேபை இழுத்துத் தனி விண்டோவாக்கி, குறிப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். இரண்டும் திரையில் தெரிவதால் லேப் மறைந்த டேப் ஆவதில்லை. அதற்குப் பிறகு அறுபடவில்லை.

அறுபடும் நேரங்களில் ஒன்றை மறக்கக் கூடாது. அறுந்தது திரைதான், அந்த மெஷின் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். மறுபடி இணைத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். பதற்றத்தில் லேப்பை முடிக்கும் பட்டனை அழுத்தினால் எங்கள் தளத்தில் மெஷினே அழிந்து, செய்த வேலை மொத்தமும் போய்விடும்.

உடன் படித்த ஒருவருக்கு விபிஎன்னே கிடையாது, ஆனாலும் லேப்பைத் திறந்தால் லாகின் பக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. அவர் பயன்படுத்தியது சஃபாரி. புதிதாகத் திறக்கும் டேபிலும் லேப், பாடத் தளத்தின் பக்கத்துக்குள் ஒரு சட்டகமாகத்தான் (ஃப்ரேம்) வருகிறது. அது வேறு டொமைனிலிருந்து வருவதால், அந்த டொமைனின் குக்கீயை (லாகினை நினைவில் வைக்கும் சிறு தகவல்) சஃபாரி 2020 முதலே இயல்பாகத் தடுத்துவிடுகிறது. லேப்பை அந்தச் சட்டகத்துக்கு வெளியே தனி டேபில் திறக்கும் வசதி அந்தப் பக்கத்தின் மூலையில் இருந்தது. அதில் திறந்ததும் அவருக்குச் சரியாகிவிட்டது.