கருங்குழிக்குள் ஒரு பெண்

ஆழ்குகையில் பழைய மனித எலும்பு கிடைத்தால், அங்கேயே வாழ்ந்தவர் என்றோ, யாரோ கொண்டுபோய்ப் புதைத்தது என்றோதான் நினைப்பேன். நயா என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட ஒரு பழங்காலப் பெண்ணின் எலும்புக்கூட்டைப் பற்றிப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

2007-இல் மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், நீர் நிறைந்த குகைக்குள் நீந்திப்போன முக்குளிப்பவர்களுக்குக் காலடியில் தரையே இல்லாமல் போனது. அந்தப் பள்ளத்துக்கு ஓயோ நெக்ரோ, அதாவது கருங்குழி என்று பெயர் வைத்தார்கள். அதன் அடியில்தான் நயா. பதினைந்து, பதினாறு வயதிருக்கும். இறந்து 12,000 ஆண்டுகளுக்கு மேல்.

அப்போது பனியுகத்தின் கடைசிக் காலம். கடல்மட்டம் தாழ்ந்து, குகைப்பாதைகள் காய்ந்து கிடந்தன. தண்ணீர் தேடி உள்ளே வந்திருக்கலாம் என்கிறார்கள். இருட்டு. விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அதே குழியில் வாள்பல் பூனையும் ராட்சத ஸ்லாத் என்ற பெரிய தரைவாழ் விலங்கும்கூடக் கிடந்தன, பாவம். அப்புறம் பனி உருகிக் கடல் ஏறியது, குகை நீரில் மூழ்கியது. யார் கையும் படாமல் எலும்புகள் தப்பின.

அவள் ஏற்கெனவே பிள்ளை பெற்றிருக்கலாம் என்பதற்கும் அந்த இடுப்பெலும்பில் தடயம் இருக்கிறதாம். அந்தக் குழந்தை யாரிடம் இருந்ததோ? காலையிலிருந்து இதே நினைப்பு.