சாஸ்திரியும் அழகேசனும்

டெல்லி, ஜனவரி 9

மோதிலால் நேரு மார்க்கில் இருக்கும் லால் பகதூர் சாஸ்திரி நினைவகத்துக்குப் போனேன். பிரதமராக இருந்தபோது கடன் வாங்கி வாங்கிய ஃபியட் கார் அங்கே நிற்கிறது. அவர் இறந்த பிறகு மனைவி லலிதாதான் பென்ஷனிலிருந்து அந்தக் கடனை அடைத்தார். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். எனக்கு நினைவு வந்தது அரியலூர்.

1956 நவம்பர் 23. மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு மெஹபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார். அப்போது ரயில்வே துணை அமைச்சர் நம்ம ஓ.வி. அழகேசன்.

ஜனவரி 11

சோவியத் நாட்டின் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்த நாள். அவர் சமாதி இருக்கும் விஜய் காட் போகலாமென்று நினைத்தேன், பனிமூட்டம் விடவில்லை.

பாகிஸ்தானோடு நடந்த போரின் ஆண்டு என்று 1965-ஐச் சொல்கிறோம். தமிழர்களுக்கு அந்த ஆண்டு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. இந்தி ஆட்சிமொழியான நாளையொட்டித் தீக்குளிப்பு, அப்புறம் துப்பாக்கிச் சூடு. பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் அதே அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி அதை ஏற்கச் சொல்லி அனுப்ப, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் மறுத்துவிட்டார். பிப்ரவரி 11 இரவு சாஸ்திரி வானொலியில் பேசினார்: இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும்.

தாமதம்தான். அத்தனை உயிர்கள் போன பிறகு வந்த வாக்குறுதி. ஆனாலும் பிரதமர் ஒருவர் பிடிவாதத்தை விட்டு இறங்கி வந்தது எனக்குப் பெரிய விஷயம். மொழித் தீ எரிந்துகொண்டே இருந்திருந்தால், செப்டம்பர் 6-ஆம் தேதி லாகூர் பக்கம் படையை அனுப்பியபோது நாடு அப்படி ஒன்றாக நின்றிருக்குமா?

ஜனவரி 12

பக்கத்து ஃபிளாட் சார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். காபி குடிக்க வந்தவரிடம் சாஸ்திரி பேச்சை எடுத்தேன். கொதித்துவிட்டார்.

“காஷ்மீர்ல பாகிஸ்தான்கிட்டயிருந்து பையன்கள் ரத்தம் சிந்திப் பிடிச்ச ஹாஜி பீர் கணவாய் தம்பி! ஒரு கையெழுத்துல திருப்பிக் கொடுத்துட்டார்.”

ஆகஸ்ட் 5-க்கு முன்பிருந்த இடத்துக்கு இரு படைகளும் திரும்ப வேண்டும் என்பதுதான் போருக்குப் பின் பாகிஸ்தானோடு சாஸ்திரி போட்ட தாஷ்கண்ட் ஒப்பந்தம், பாகிஸ்தான் பிடித்திருந்த ஜம்முவின் சம்ப் பகுதி நமக்குத் திரும்பியதும் அதனால்தான் என்றேன். கேட்கவில்லை. கணவாயை விட்டிருக்கக் கூடாது என்ற அவர் வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் சமாதானத்துக்கு சோவியத் கொடுத்த நெருக்கடி ஒரு பக்கம், நாட்டில் அரிசி கோதுமைப் பஞ்சம் ஒரு பக்கம். வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று மக்களிடம் கேட்ட பிரதமர் அவர். போரை இழுத்துக்கொண்டே போகாதது சரி என்றே நான் நினைக்கிறேன்.

சாரும் விடுவதாக இல்லை. பொங்கலன்று வரைபடத்தோடு வருகிறாராம்.